முன்கூட்டிக் கொடுத்த நம்பர்

சிவக்குமாரின் வலது காதில் கீழ்ப்பாதி இப்போது இல்லை. அதைக் கடித்து எடுத்தவள் நான். என் முன்பற்களில் மூன்று இல்லை, இடது மணிக்கட்டில் தகடு வைத்துத் தைத்திருக்கிறார்கள். அது அவன் வேலை. இரண்டு பேரில் யாருக்கு அதிகம் விழுந்தது என்று கூளியனஅள்ளி டீக்கடையில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பேசட்டும். எங்கள் இரண்டு பேருக்கும் உயிர் இருக்கிறது. செத்தவன் அவன் தம்பி மாது.

என் பெயர் ஆக்சிலியா. கூளியனஅள்ளி ஸ்டேஷனில் ஆறு வருடமாகக் கேட் கீப்பர். ஸ்டேஷன் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பிளாட்பாரம், தகரக் கூரைக்குக் கீழே இரண்டு பெஞ்சு, ஒரு குடிதண்ணீர்க் குழாய். குழாயில் தண்ணீர் வருகிற நாளும் உண்டு. எக்ஸ்பிரஸ்கள் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விடும். காலையில் பெங்களூர் போகிற பாசஞ்சரும் சாயங்காலம் திரும்பி வருகிற பாசஞ்சரும் ஒரு நிமிடம் நிற்கும். ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகிறவர்களும், தர்மபுரியில் காலேஜுக்குப் போகிறவர்களும் அந்த ஒரு நிமிடத்தில் முட்டி மோதி ஏறிக்கொள்வார்கள். ஸ்டேஷனுக்குத் தெற்கே அரை கிலோமீட்டரில் ஊர் ரோடு தண்டவாளத்தைக் கடந்து ஹைவேக்குப் போகிறது. அந்த இடத்தில்தான் என் கேட்.

இந்த வேலையை யாரும் எனக்குத் தூக்கிக் கொடுக்கவில்லை. பரீட்சை எழுதினேன். இருபது கிலோ மூட்டையைத் தூக்கிக்கொண்டு, கீழே வைக்காமல், இரண்டு நிமிடத்துக்குள் நூறு மீட்டர் போகச் சொன்னார்கள். கடத்தூர் சந்தைக்குத் தக்காளிக் கூடை சுமந்தவளுக்கு அது ஒரு மூட்டையா? அப்புறம் ஒரு கிலோமீட்டர் ஓடச் சொன்னார்கள். வெறுங்காலோடு ஓடினேன். முடித்ததும் வாந்தி எடுத்தேன், ஆனால் முடித்தேன். அதனால் இந்த வேலையைப் பற்றி யாராவது இளக்காரமாகப் பேசினால் எனக்குச் சுருக்கென்று ஏறிவிடும். என் கோபம் ஊர் அறிந்தது. என் வீட்டுக்காரர் லியோன் ஜேசிபி ஓட்டுகிறவர், ஆறடி ஆள். அவரே என்னிடம் குரலை இறக்கித்தான் பேசுவார்.

என் கேட்டுக்கும் சிக்னலுக்கும் தொடர்பு கிடையாது. கேட் ஆவென்று திறந்து கிடந்தாலும் சிக்னல் பச்சை காட்டும். அதனால் எங்களுக்குக் காவல் வாய்வார்த்தைதான். முந்தின ஸ்டேஷனிலிருந்து வண்டி கிளம்பப் போகிறது என்றால் ஸ்டேஷன் மாஸ்டர் எனக்கு போன் பண்ணுவார். நான் கேட்டை இறக்கிப் பூட்டிவிட்டு, என்னிடம் இருக்கும் தாளில் அடுத்ததாக உள்ள நம்பரை அவருக்குச் சொல்ல வேண்டும். ஒரு நம்பர் ஒரு தடவைக்குத்தான். சொன்னதும் அதன் மேல் கோடு போட்டுவிட வேண்டும். அவர் அதை நேரத்தோடு புத்தகத்தில் எழுதிக்கொண்டு வண்டிக்கு வழி விடுவார். நம்பர் கொடுத்துவிட்டேன் என்றால் கேட் பூட்டியிருக்கிறது என்று அர்த்தம். அந்த வண்டி என்னைத் தாண்டுகிற வரை சாவியை யார் வந்து கேட்டாலும் தரக் கூடாது.

சட்டம் இப்படி. நடந்தது வேறு மாதிரி. ஸ்டேஷன் மாஸ்டர் வெங்கடாசலம் சார் கெட்டவர் இல்லை. ரிட்டயர் ஆக இரண்டு வருடம் இருக்கிறது, சர்க்கரை இருக்கிறது, ஏழரைக்குச் சாப்பிடாவிட்டால் கை நடுங்கும். ஸ்டேஷனுக்கு வெளியே இருக்கும் கடையில் ஏழரைக்குத்தான் முதல் ஈடு இட்லி இறக்குவார்கள். அதனால் வண்டி முந்தின ஸ்டேஷனுக்கு வந்து சேர்வதற்கு முன்பே எனக்கு போன் போட்டு, நம்பரைச் சொல்லிவிடும்மா என்பார். வாங்கி எழுதி வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார். முந்தின ஸ்டேஷனில் சிக்னலுக்காகப் பாசஞ்சர் பத்து நிமிடம் நிற்கும், சில நாள் அரை மணி நேரம்கூட நிற்கும்.

முதல் தடவை நான் சண்டை போட்டேன். அப்புறம் போடவில்லை. ஏனென்றால் எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. ஏழே முக்காலுக்கு மேல் கேட்டை இறக்கப் பார்த்தால் பைக்காரர்களும் காலேஜ் பஸ்ஸும் தலையை நுழைத்துக்கொண்டு நிற்பார்கள். முன்கூட்டியே இறக்கிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. பூட்டிவிட்டு உள்ளே உட்கார்ந்து காபி குடிப்பேன். ரோட்டில் நிற்கிறவர்கள் கத்துவார்கள். வண்டி வருகிறது என்பேன். எங்கே வருகிறது என்று எனக்கே தெரியாது. இதை முதலில் ஒத்துக்கொண்டுவிட்டுத்தான் மீதியைச் சொல்ல வேண்டும்.

மாசி மாதம், வியாழக்கிழமை. புளி உலுக்குகிற காலம். அன்று ஏழு முப்பத்தொன்றுக்கு வெங்கடாசலம் சார் கூப்பிட்டார். நான் கேட்டை இறக்கிப் பூட்டினேன், தாளைப் பார்த்து எழுபத்துமூன்று என்றேன், கோடு போட்டேன். வழக்கம்போல ஆளுக்கொரு பக்கம் போய்விட்டோம்.

ஏழு நாற்பதுக்கு ஊர்ப்பக்கத்திலிருந்து ஒரு பிக்கப் வண்டி ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் அழுத்திக்கொண்டே வந்து கேட் கம்பத்தை முட்டுகிற மாதிரி நின்றது. சிவக்குமார் இறங்கினான். ஊரில் பத்து ஏக்கர் நிலமும் இரண்டு டிராக்டரும் உள்ள வீடு. நாற்பது வயதுக்குள் இருக்கும். பார்த்தால் தலையாட்டுவோம், அவ்வளவுதான் பழக்கம். சட்டையெல்லாம் சிவப்பாக இருந்தது. அது புளிக்காட்டுச் செம்மண் என்றுதான் நான் நினைத்தேன். அப்படி நினைக்க எனக்கு வசதியாக இருந்தது.

“ஏய், கேட்டத் தொற. தம்பி வண்டியில கெடக்கறான். தொடையில வெட்டு.”

ஏய் என்றதுமே எனக்கு ஏறிவிட்டது. இன்னொன்றும் இருந்தது. என் கேட்டில் வாரத்துக்கு நாலு பேர் சாகக் கிடப்பார்கள். பிரசவம் என்பான் ஒருவன், நெஞ்சுவலி என்பான் இன்னொருவன். எட்டிப் பார்த்தால் வண்டிக்குள் சிமெண்டு மூட்டை இருக்கும். ஆறு வருடமாக இந்த நாடகம் பார்த்து எனக்கு மரத்துப்போயிருந்தது. நான் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொன்னேன்.

“வண்டி வருது. நம்பர் குடுத்தாச்சு. தொறக்க முடியாது.”

போன் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எடுத்து, சார், பாசஞ்சர் எங்கே இருக்கிறது, இங்கே ஒருவனுக்கு வெட்டுக்காயம் என்று இரண்டு வார்த்தை கேட்டிருக்கலாம். சார் இல்லாவிட்டாலும் ஸ்டேஷனில் கூட வேலை பார்க்கிற பாயிண்ட்ஸ்மேன் எடுத்திருப்பான். வண்டி கிளம்பவில்லை என்று தெரிந்திருந்தால், சிக்னலைச் சிவப்பில் வைக்கச் சொல்லிவிட்டு ஒரு நிமிடத்தில் திறந்து விட்டிருப்பேன். கை போனுக்குப் போகத்தான் பார்த்தது. அதற்குள் அவன் இன்னொன்று சொன்னான்.

“உன்ன மாதிரி பொம்பளைக்கெல்லாம் எவன்டி வேலை குடுத்தான்? தெருக் கூட்டப் போ.”

அவ்வளவுதான். கையை மடியில் வைத்துக்கொண்டேன். ஜன்னலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தேன். கேட்கட்டும் இவன், கெஞ்சட்டும், அப்போது பார்க்கலாம் என்று நினைத்தேன். இப்போது எத்தனையோ முறை அந்த இடத்துக்கு மனசு போய் வருகிறது. அந்தத் திமிருக்கு என் வாயில் நானே மண்ணள்ளிப் போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அவன் உள்ளே வந்து என் கன்னத்தில் அறைந்தான். நாற்காலியோடு சாய்ந்தேன். எழுந்திருக்கும்போதே கையில் அகப்பட்டது சுருட்டி வைத்திருந்த சிவப்புக் கொடி. அதன் மூங்கில் கம்பால் அவன் மூக்கில் ஓங்கி ஒன்று போட்டேன். எலும்பு நெரிகிற சத்தம் எனக்குக் கேட்டது. அவன் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டே மறு கையால் என் கூந்தலைப் பிடித்துச் சுவரில் மோதினான். அப்போதுதான் எனக்கு போன் நினைவு வந்தது. அடிபட்ட பிறகு வந்த புத்தி. ரிசீவரை எடுத்தேன். அவன் ஒயரோடு பிடுங்கி, அதே ரிசீவரால் என் வாயில் அடித்தான். பல் போனது அதில்தான். மூன்றாவது அடிக்கு ரிசீவரே இரண்டாக உடைந்தது. செல்போன் டியூட்டியில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதால் என்னுடையது வீட்டில் இருந்தது.

சத்தம் கேட்டு ரோட்டில் நின்றவர்கள் ஓடிவந்தார்கள். அதற்குள் இரண்டு பக்கமும் சேர்த்து முப்பது நாற்பது பேர் இருப்பார்கள். சிலர் அவனைப் பிடித்து இழுத்தார்கள். சிலர் என்னைத் திட்டினார்கள். தினமும் அரை மணி நேரம் நிற்க வைக்கிறாளே, நல்லா வேண்டும் இவளுக்கு என்று ஒரு பெண் சொன்னது என் காதில் விழுந்தது. எவனோ ஒருவன் ஜல்லிக்கல்லை எடுத்து ஜன்னலில் வீசினான். கண்ணாடி உடைந்து என் தோளில் சிதறியது. நாலைந்து பேர் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பூட்டில் யாரும் கை வைத்துவிடக் கூடாது என்று நான் அவர்களுக்கு நடுவே புகுந்து கேட்டடிக்கு ஓடினேன்.

கேட் கம்பத்தைத் தூக்க ஒரு இரும்புக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். கைப்பிடி தனியாகக் கழன்று வரும், ஆனால் அது மாட்டியிருக்கிற சக்கரத்துக்குப் பூட்டு உண்டு. அந்தப் பூட்டின் சாவி என் சட்டைப் பையில் இருந்தது. சிவக்குமார் பின்னாலேயே வந்து என் சட்டைப் பைக்குள் கையை விட்டான். அவனுக்குச் சாவிதான் வேண்டும், வேறெதுவும் நினைத்திருக்க மாட்டான். எனக்கு அந்த நேரத்தில் அது தெரியவில்லை. மார்பில் ஒரு ஆம்பிளையின் கை படுகிறது என்பது மட்டும் தெரிந்தது. அவன் காது என் வாய்க்கு நேராக இருந்தது. மீதியிருந்த பல்லால் கவ்வினேன். அவன் அலறினான். நான் விடவில்லை. வாயில் உப்பும் ரத்தமும் நிறைந்தபோது எதுவோ அறுந்து வந்தது. துப்பினேன்.

அவன் கைப்பிடியைக் கழற்றி எடுத்து வீசினான். தலைக்கு வந்ததை இடது கையால் தடுத்தேன். மணிக்கட்டு அந்தக் கணமே திரும்பித் தொங்கியது. வலி உடனே வரவில்லை, கோபம்தான் வந்தது. அவ்வளவு கோபம் எனக்கு வாழ்நாளில் வந்ததில்லை. வலது கையால் சாவியைப் பையிலிருந்து எடுத்து, அவன் கண் முன்னால் காட்டி, தண்டவாளத்துக்கு அந்தப்புறம் இருந்த சீமைக்கருவேலம் புதருக்குள் வீசி எறிந்தேன்.

“இப்பத் தொறடா,” என்றேன்.

அவன் நின்றுவிட்டான். எல்லோரும் நின்றுவிட்டார்கள். அந்தச் சத்தமெல்லாம் அடங்கிய பிறகுதான் ஒரு குரல் எங்களுக்குக் கேட்டது. பிக்கப் வண்டியின் பின்பக்கத்திலிருந்து ஒரு பெண் கத்திக்கொண்டிருந்தாள். புதிதாகக் கத்த ஆரம்பித்தவள் இல்லை. தொண்டை கட்டிப்போய்க் கீச்சென்று வந்த குரல். நாங்கள் அடித்துக்கொண்ட அத்தனை நேரமும் அவள் அதையேதான் கத்தியிருக்கிறாள்.

“தூக்கிக்கிட்டு அந்தாண்ட போயிடலாம். யாராச்சும் தூக்குங்க.”

மாதுவின் மனைவி காவேரி. இருபத்தெட்டு வயது இருக்கும். புருஷனின் தலையை மடியில் வைத்து, சேலை முந்தானையைச் சுருட்டி அவன் தொடையில் இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தாள். வண்டியின் பின்கதவு இடுக்கு வழியாக ரத்தம் ரோட்டில் சொட்டிக் குட்டையாகத் தேங்கியிருந்தது. கையை எடுத்தால் பீறிடும் என்பதால் அவளால் இறங்கி வரவும் முடியவில்லை. நான் அப்போதுதான் முதல் முறையாக அந்த வண்டிக்குள் பார்த்தேன்.

கேட் பூட்டியிருந்தால் வண்டிதான் போக முடியாது. மனிதன் குனிந்து போகலாம். தினமும் நூறு பேர் கம்பத்துக்கு அடியில் குனிந்து போகிறார்கள், நானே திட்டித் திட்டி அலுத்தவள். அந்தப் பக்கத்தில் ஐந்தாறு வண்டிகள் நின்றுகொண்டிருந்தன. நாலு பேர் தூக்கியிருந்தால் ஒரு நிமிட வேலை. அது எனக்கும் தோன்றவில்லை, சிவக்குமாருக்கும் தோன்றவில்லை. நாற்பது பேர் நின்றார்கள், ஒருவருக்கும் தோன்றவில்லை. கேட்டைத் திறக்க வைத்தே தீர்வது என்று அவனும், திறக்காமலே இருப்பது என்று நானும் மல்லுக்கட்டியதில் பத்து நிமிடம் போய்விட்டது.

அந்தப் பக்கம் பால் சொசைட்டி வேனோடு நின்றிருந்த தமிழ்மணி கம்பத்துக்கு அடியில் குனிந்து வந்தார். கேன்களையெல்லாம் ரோட்டோரம் இறக்கிவிட்டேன், தூக்குங்கள் என்றார். கூடவே போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

“பாருக்கா. வண்டி இன்னும் அந்த ஸ்டேஷன்லதான் நிக்குதுன்னு காட்டுது. கெளம்பவே இல்ல.”

ரயில் எங்கே இருக்கிறது என்று பார்க்கிற ஆப். அது அடிக்கடி பொய் சொல்லும், நின்ற வண்டியை ஓடுகிறது என்னும். அதெல்லாம் பொய் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வாயிலிருந்து ரத்தம்தான் வந்தது. அது பொய்யில்லை என்று எனக்குத் தெரியும். ஏழு முப்பத்தொன்றுக்கு வாங்கிய நம்பர் எந்த நம்பர் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? திறக்கலாம் என்று நினைத்தாலும் சாவி முள்ளுக்குள் கிடந்தது.

ஐந்து பேர் சேர்ந்து மாதுவைத் தூக்கினார்கள். காவேரி கையை எடுக்காமல் குனிந்தபடியே கூட நடந்தாள். சிவக்குமார் காதைப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடினான். நான் தலையைத் தாங்கலாம் என்று வலது கையை நீட்டினேன். மாதுவின் முகம் வெளுத்திருந்தது, கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தானா என்று தெரியாது. தண்ணி என்று கேட்டான். கொடுக்கக் கூடாது என்று யாரோ சொன்னார்கள். பால் வேன் கிளம்பிப் போனது.

அதற்குப் பிறகு பதினைந்து நிமிடம் கழித்துத்தான் பாசஞ்சர் வந்தது. எட்டு ஐந்து. நான் கேட்டடியில் நின்று வலது கையால் பச்சைக் கொடியைக் காட்டினேன். வாயிலிருந்து ரத்தம் சட்டையில் ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் என்னைப் பார்த்துவிட்டு ஹாரனை விடாமல் அடித்தார். ஜன்னலோரம் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வண்டி தாண்டியதும் அப்படியே ஜல்லி மேல் உட்கார்ந்துவிட்டேன்.

தர்மபுரி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், அதியமான்கோட்டை தாண்டுவதற்குள் மாது இறந்துவிட்டான். பங்காளிச் சண்டை. வரப்பு மேல் நிற்கிற புளியமரம் யாருடையது என்பதில் வந்தது. மரத்திலிருந்து இறங்கும்போதே வெட்டியிருக்கிறார்கள். வெட்டியவனை அன்றைக்கே பிடித்துவிட்டார்கள். சிவக்குமாரையும் பிடித்தார்கள், டியூட்டியில் இருந்த ரயில்வே ஊழியரைத் தாக்கியதாக. தம்பியைப் புதைக்கிற இடத்துக்குக் காதில் கட்டோடு போலீஸ் வண்டியில் கொண்டுவந்து காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுபோனார்களாம்.

என்னைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். மூன்றாம் நாள் வெங்கடாசலம் சார் ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். லியோனைக் காபி வாங்கிவர அனுப்பினார். போனதும் கட்டிலோரம் உட்கார்ந்து என் காலைப் பிடித்துக்கொண்டார். அப்பா வயது ஆள். எனக்கு அருவருப்பாக இருந்தது, பாவமாகவும் இருந்தது. நாளைக்கு விசாரணை அதிகாரி வருவார். நம்பர் ஏழு ஐம்பத்திரண்டுக்குக் கொடுத்ததாகச் சொல்லிவிடு என்றார். அவர் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறதாம். என் நம்பர் தாளில் நேரம் எழுதுவதில்லை. கேட் ரூம் நோட்டைச் சண்டையில் யாரோ கிழித்துப்போட்டுவிட்டார்கள். வண்டி ஏழு ஐம்பத்தாறுக்குக் கிளம்பியிருக்கிறது, கணக்கு சரியாக இருக்கும் என்றார். அடித்த நேரம் இடிக்குமே என்றேன். சண்டை நடந்தபோது யார் மணி பார்த்தார்கள், முன்பின் இருக்கும் என்றார்.

அப்புறம் அவர் சொன்னது எனக்கு இனித்தது. அதை மறைக்க மாட்டேன். டிவிஷன் முழுக்க உன் பேச்சுதான் என்றார். பல் போயும் கை ஒடிந்தும் சாவியைக் கொடுக்காமல் ஒரு ரயிலையே காப்பாற்றியிருக்கிறாள் என்று பெரிய அதிகாரிகளே சொல்கிறார்களாம். விருது வரும், கேட்ட ஊருக்கு மாற்றல் வரும். சிவக்குமார் மூன்று வருடமாவது உள்ளே இருப்பான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உண்மையில் யோசிக்க எதுவுமில்லை, அவர் கேட்ட நேரத்தையே சொல்லிவிடுவதென்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். அந்த ராத்திரி வலி மாத்திரை இல்லாமலே தூங்கினேன்.

மறுநாள் காலையில், அதிகாரி வருவதற்கு முன்னால், காவேரி வந்தாள். கூட யாருமில்லை. நாலு நாளில் பாதியாகியிருந்தாள். நகக்கண்ணில் இன்னும் கறுப்பாக ரத்தம் காய்ந்திருந்தது, கழுவியும் போகவில்லை போல. லியோன் எழுந்து நின்றார். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்திருப்பார். அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள், உட்காரவில்லை.

“ஒண்ணே ஒண்ணு கேக்கணுங்க்கா.”

கேளும்மா என்றேன்.

ஜெயிலில் இருக்கும் மச்சாண்டாரைப் போய்ப் பார்த்தேன் என்றாள். அவர் அழுதாராம். அந்தப் பொம்பளையைப் போய் அப்படி அடித்துவிட்டேனே, ரயிலில் அத்தனை சனம் வந்துகொண்டிருந்தது, அவள் செய்ததுதான் சரி, என் பேரில் போய் மன்னிப்புக் கேள் என்று சொன்னாராம். வீட்டிலும் எல்லோரும் அதையே சொல்கிறார்களாம். ரயில் வரும்போது யார்தான் என்ன செய்ய முடியும், அவன் விதி என்கிறார்களாம். அதைச் சொல்லிச் சொல்லித்தான் மாமியார் நாலு வாய் சாப்பிடுகிறாராம். ஆனால் பால் வேன் ஓட்டிய தமிழ்மணி அண்ணன் வேறு மாதிரி சொல்கிறார் என்றாள். அவர் போனில் பார்த்தது சரியா தப்பா என்று அவருக்கே தெரியவில்லையாம்.

“நாங்க கேட்டுல நின்னப்ப, அந்த வண்டி வந்துகிட்டு இருந்துச்சுங்களா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. அவள் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பாள். அவளும் நாலு வாய் சாப்பிடுவாள், அவள் மாமியாரும் சாப்பிடுவாள். சிவக்குமார் ஜெயிலில் உட்கார்ந்து என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டிருப்பான். வெங்கடாசலம் சார் பென்ஷனோடு வீட்டுக்குப் போவார். நான் சேலத்துக்கோ ஓசூருக்கோ மாற்றல் வாங்கிக்கொள்வேன். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. பல் இல்லாத இடத்தில் காற்றுதான் போனது. அவள் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம் கத்தியும் என் காதில் விழாத குரல் இப்போது இவ்வளவு மெதுவாக ஒன்று கேட்கிறது, இதற்கும் நான் பொய் சொன்னால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது.

“இல்லம்மா,” என்றேன். “வரல. அங்கயே நின்னுட்டு இருந்துச்சு.”

அவள் புரியாமல் பார்த்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். ஏழு முப்பத்தொன்று, இட்லிக்கடை, நம்பர் எல்லாம். அது தினமும் நடக்கிறதுதான் என்றும் சொன்னேன். போன் பக்கத்திலேயே இருந்தது, நான் ஒரு கேள்வி கேட்டிருந்தால் கேட் திறந்திருக்கும், உன் மச்சாண்டார் என்னை ஒரு வார்த்தை சொன்னார், அந்த ரோஷத்தில் நான் கேட்கவில்லை என்றேன். சாவியை எறிந்ததையும் சொன்னேன், அது அவள் பார்த்ததுதான். லியோன் என் தோளைத் தொட்டு நிறுத்தப் பார்த்தார். நான் நிறுத்தவில்லை.

காவேரி இன்னும் ஒரு எட்டு நெருங்கி வந்தாள். அப்புறம் தையல் போட்டிருந்த என் கன்னத்தில் அறைந்தாள். தையல் பிரிந்தது தெரிந்தது. மறுபடி அறைந்தாள். கையை மடக்கிக்கொண்டு வாயில் குத்தினாள், தலையில் குத்தினாள், கட்டுப் போட்ட கையைப் பிடித்துக் கட்டில் கம்பியில் அடித்தாள். வலியில் எனக்குக் கண் இருண்டது. அவள் அழவில்லை, ஒரு சத்தமும் போடவில்லை, மூச்சு மட்டும் வாங்கியது. லியோன் பாய்ந்து அவள் தோளைப் பிடித்தார். வாசலிலிருந்து நர்ஸ் கத்திக்கொண்டு ஓடிவந்தார்.

“விட்டுடுங்க,” என்றேன். “அவங்க அடிக்கட்டும்.”